செய்த அசைவும் வந்த அசைவும்: செட்டியார் தெரு இளைஞர் ஒருவருக்குச் செய்த ஆழ்மூளைத் தூண்டல்

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறை. மூக்குத்தி ஒன்றுக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார் 27 வயது இளைஞர். ஊதுகுழல் வாயில், சாமணம் கையில், நீலச் சுவாலை நூல் பிடித்தாற்போல நிற்கிறது. அந்த அரை நிமிடம் கழுத்து அசையவே இல்லை. ஒட்டு ஓடிப் பிடித்ததும் சாமணத்தைக் கீழே வைக்கிறார். உடனே தலை வலப்பக்கமாகப் பின்னோக்கி வெட்டி இழுக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. கூடவே தொண்டையிலிருந்து செருமல் போல ஒரு சத்தம். பக்கத்தில் வேலை செய்பவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, பழகிவிட்டார். வாசலில் நின்ற வாடிக்கையாளர் மட்டும் ஓரடி பின்னால் போகிறார்.

நான் உளவியல் சிகிச்சையாளர். வெள்ளவத்தையில் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கிறேன். இந்தத் தம்பியை நான்கு வருடமாகத் தெரியும். அவரும் தாயாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன், ஆளை அடையாளம் காணக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு இருப்பது டூரெட் நோய்க்குறி: விரும்பாமலே திடீர் அசைவுகளும் சத்தங்களும் வரும், அவற்றை ‘டிக்’ என்பார்கள். மருந்தும் பயிற்சியும் போதாமல் போனதால் மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் ‘ஆழ்மூளைத் தூண்டல்’ சிகிச்சை செய்யப்பட்டது. அறுவைச் சிகிச்சையைவிட, அந்த மின்முனை வழியாக மூளையில் என்ன கேட்டது, அது எப்படி மாறியது என்பதையே அதிகம் எழுதப்போகிறேன்.

ஆரம்பம்

ஆறு வயதில் கண் சிமிட்டலில் தொடங்கியது. கண் டொக்டரிடம் காட்டி ஒரு கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தார்கள். சிமிட்டல் போய் மூக்கைச் சுழிப்பது வந்தது, பிறகு தோள், பிறகு செருமல். டூரெட்டின் போக்கே அப்படித்தான்: ஒன்று போய் இன்னொன்று வரும், சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும். பதின்ம வயது முடிகிறபோது பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். கெட்ட வார்த்தை கத்துவதுதான் இந்த நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சிறுபான்மையினருக்குத்தான் வரும், இவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பாடசாலையில் வகுப்புக்கு வெளியே முழங்காலில் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் நூல் கட்டினார்கள், நேர்த்தி வைத்தார்கள், அடித்தும் பார்த்தார்கள். எல்லோரும் சொன்னது ஒரே வசனம்: "வேணுமெண்டு செய்யிறாய்." அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம், பட்டறையில் நான் பார்த்த அதே காட்சி. கவனமாக ஒரு வேலை செய்யும்போது வராதது, சும்மா இருக்கும்போது மட்டும் எப்படி வரும்? நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் மனம் ஒரு நுணுக்கமான வேலையில் ஊன்றியிருக்கும்போது டிக் குறைவது இந்த நோயின் இயல்பு. கொஞ்ச நேரம் அடக்கி வைக்கவும் முடியும். அடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவர் எனக்கு முதல் நாளே சொன்னார்: "தும்மல் முட்டிக்கொண்டு நிக்கிற மாதிரி, மிஸ். கழுத்துக்கு உள்ளுக்க. விட்டால்தான் அடங்கும்."

மருத்துவர்கள் இதை முன்னுந்துதல் என்பார்கள். நானும் அவரும் ‘முட்டல்’ என்றே பேசிக்கொள்வோம்.

ஏன் அறுவைச் சிகிச்சை வரை போனது

ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல், குளோனிடின் என்ற மருந்துகள் எல்லாம் வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒன்று உடம்பைப் பெருக்க வைத்தது, இன்னொன்று தூங்க வைத்தது. நெருப்போடு வேலை செய்பவருக்குத் தூக்கம் சின்னப் பக்கவிளைவு அல்ல. கழுத்துத் தசையில் அதைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டபோது சில மாதம் இழுவையின் வேகம் குறைந்தது, முட்டல் குறையவில்லை. என்னிடம் பழக்க மாற்றுப் பயிற்சி செய்தார். முட்டல் வந்த உடனே நாடியை (முகவாயை) சற்றுக் கீழிறக்கி, முன்கழுத்துத் தசையை மெதுவாக இறுக்கி, மூக்கால் மூச்சை விடுவது. செருமல் நன்றாகவே குறைந்தது. கழுத்து இழுவை கொஞ்சமும் குறையவில்லை என்று நான் எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் வெட்டு வருகிற வேகத்துக்குப் பயிற்சியால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இருபத்தைந்தாவது வயதில் இடது கையின் இரண்டு விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. கழுத்தை ஸ்கான் எடுத்தபோது, வருடக்கணக்காக வெட்டி இழுத்ததில் முள்ளெலும்புகளுக்கு இடையிலான வட்டு தேய்ந்து பிதுங்கி, முண்ணாணைத் தொட்டுக்கொண்டிருந்தது. டூரெட் உயிரைக் குடிக்கும் நோய் அல்ல என்று பொதுவாகச் சொல்வோம், சரிதான். ஆனால் கழுத்து டிக் கடுமையாக இருந்தால் முண்ணாணே பாதிக்கப்படலாம் என்பது மருத்துவம் நன்கு அறிந்த ஆபத்து. ஒரு பத்தருக்கு விரல் மரத்தால் என்ன மிஞ்சும்?

அந்த நாளில் அவரது நிலையை, டூரெட்டை அளக்கும் யேல் அளவுகோலில் பார்த்தோம். டிக்கின் கடுமைக்கு 50க்கு 41.

குடும்பத்தை உட்கார வைத்துத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். டூரெட்டுக்கு ஆழ்மூளைத் தூண்டல் இன்னும் வழமையான சிகிச்சை அல்ல. பார்க்கின்சன் நோய்க்கு இருப்பது போன்ற உறுதியான நிலைக்கு அது வரவில்லை. முதன்முதலில் நெதர்லாந்தில் வீர்லே விசர்-வாண்டெவாலே குழுவினர் 42 வயதான ஒருவருக்குச் செய்து 1999இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் 1970இல் ஹாஸ்லரும் டீக்மனும் மூளையின் நடுவே இருக்கும் தலமஸின் சில பகுதிகளைச் சுட்டு அழித்து டிக் குறைந்ததாக எழுதியிருந்தார்கள், அந்த இடத்தையே அழிக்காமல் தூண்டிப் பார்த்தார்கள் இவர்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி 2018இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டில் 10 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் இருக்கிறார்கள். ஒரு வருட முடிவில் யேல் மொத்தப் புள்ளி சராசரியாக 45.1 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்களில் 35.4 சதவீதமானோருக்கு ஏதாவது ஒரு பாதகம் ஏற்பட்டது: பேச்சுக் குழறல், உடம்பில் விறுவிறுப்பு, 3.2 சதவீதமானோருக்குத் தொற்று, 1.3 சதவீதமானோருக்கு மூளைக்குள் இரத்தக் கசிவு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். உண்மையாகத் தூண்டும் நாட்களையும், தூண்டாமல் சும்மா விட்ட நாட்களையும் நோயாளிக்குத் தெரியாமல் ஒப்பிட்ட ஆய்வுகள் இவ்வளவு பளபளப்பான முடிவைத் தரவில்லை. லண்டனில் செய்து 2015இல் வெளியான ஆய்வில் வித்தியாசம் 15 சதவீதமளவுதான். 2017இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் மூன்று மாதத்துக்குள் நம்பத்தகுந்த வித்தியாசமே தெரியவில்லை. இரண்டிலும் தூண்டிய இடம் மூளையின் ஆழத்தில் இருக்கும் இன்னொரு பகுதியான குளோபஸ் பலிடஸ், தலமஸ் அல்ல. ஆனாலும் அதைக் காட்டி ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மண்டையைத் திறந்தால் என்ர பிள்ளை என்ர பிள்ளையாத் திரும்பி வருவானா, மிஸ்?"

தம்பி கையை விரித்துக் காட்டினார். "அம்மா, இந்த ரெண்டு விரலையும் பாருங்கோ."

சரி, அதோடு முடிவாயிற்று.

எந்த இடம், ஏன்

மூளையின் மேற்பட்டையில் எழும் அசைவுத் திட்டங்கள் கீழே அடித்தள முடிச்சுகளுக்கு இறங்கி, அங்கே வடிபட்டு, தலமஸ் வழியாகத் திரும்ப மேலே ஏறுகின்றன. இது ஒரு சுற்று. அடித்தள முடிச்சுகளின் வேலை பெரும்பாலும் தடுப்பதுதான். வேண்டிய அசைவுக்கு வழிவிட்டு, வேண்டாததை இழுத்துப் பிடித்திருக்கும். டூரெட்டில் அந்தப் பிடி சில இடங்களில் தளர்கிறது. நோயாளிகள் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது அடித்தள முடிச்சுகளின் ஒரு பகுதியான ஸ்ட்ரயாட்டத்தில் தடுக்கும் இடைநரம்பணுக்கள் குறைவாக இருந்தன. குரங்குகளின் அதே பகுதியில் தடையை மருந்தால் நீக்கினால் டிக் போன்ற வெட்டு உண்டாகிறது. பிடி தளர்ந்த இடத்திலிருந்து கிளம்பும் சமிக்ஞை தலமஸை ஏறி உலுக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவருக்குத் தேர்ந்த இடம் தலமஸின் நடுவே இருக்கும் சென்ட்ரோமீடியன் கருவும் அதை ஒட்டிய பராபாசிகுலர் கருவும். ஸ்ட்ரயாட்டத்துக்கும் மேற்பட்டைக்கும் இரு பக்கமும் நார் அனுப்பும் சந்தி அது.

தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் சத்திரசிகிச்சை நடந்தது. தலை வெட்டி இழுக்கும் ஆளை விழிப்பில் வைத்திருக்க முடியாது என்பதால் முழு மயக்கத்தில் இரண்டு பக்கமும் மின்முனை வைத்து, காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் கருவியைப் புதைத்தார்கள். தொல்லை வந்தது அதற்குப் பிறகு. டூரெட் உள்ளவர்களுக்குக் காயத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் உந்துதல் வரும், தொற்று ஏற்படுவதற்கு அது ஒரு காரணம். இவருக்கும் வந்தது. இரண்டு கிழமை தாயார் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இரவில் தூங்கும்போது தன் சேலைத் தலைப்பை அவர் மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தாராம்.

மூன்றாவது கிழமை: "வேணும்னே பண்ணுங்க"

இந்தக் கருவி தூண்டுவதோடு நிற்காது, மின்முனையைச் சுற்றியுள்ள நரம்பணுக் கூட்டத்தின் அலையையும் கேட்கும். தூண்டலைத் தொடங்குமுன் ஒரு பதிவு எடுத்தார்கள். மண்டைத் தோலில், அசைவை ஆளும் மேற்பட்டைப் பகுதிக்கு மேலே, மூளை அலையைப் பதியும் ஈஈஜி முனைகள், பிடரியில் அசைவை அளக்கும் சின்ன உணரி. முட்டலுக்குப் புள்ளி சொல்லும் முறையை என்னோடுதான் பழகியிருந்தார் என்பதால் நான் வெள்ளவத்தையிலிருந்து வீடியோ அழைப்பில் இருந்தேன். வெளியே மழை. கரையோர ரயில் போகும்போதெல்லாம் என் ஒலிவாங்கியை மூட வேண்டியிருந்தது.

முதலில் சும்மா இருக்கச் சொன்னார்கள். டிக் வரும்போது வரட்டும். ஒவ்வொரு கழுத்து வெட்டின் தறுவாயிலும் தலமஸில் 3 முதல் 10 ஹேர்ட்ஸ் வரையான மெதுவான அலை திடீரென்று பொங்கி எழுந்தது. அதே சமயம் மேற்பட்டையில் 12 முதல் 30 ஹேர்ட்ஸ் வரையான பீட்டா அலை தாழ்ந்தது.

இதைப் பார்த்ததும் மகிழக் கூடாது. தலை வெட்டி இழுக்கும்போது மின்முனைக் கம்பியும் அசைகிறது. கம்பி அசைந்தாலே திரையில் மெதுவான அலை போல ஒன்று தெரியலாம். நாம் பார்ப்பது மூளையா, வெறும் அசைவின் தூசியா?

அதற்குத்தான் அடுத்த சோதனை. பதிவு எடுத்த டொக்டர் சென்னைத் தமிழில் இயல்பாகச் சொன்னார்: "இப்ப அதே மாதிரி நீங்களா வேணும்னே பண்ணுங்க."

தம்பி கொஞ்ச நேரம் டொக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக ‘வேணுமெண்டு செய்யாதே’ என்றே கேட்டவர். பிறகு செய்தார். வலப்பக்கம், பின்னோக்கி, அதே வெட்டு. பிடரி உணரியில் வேகமும் ஏறக்குறைய அதேதான். அறையில் நின்ற தாயாருக்கு வித்தியாசம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மேற்பட்டையின் பீட்டா முன்போலவே தாழ்ந்தது, எந்த அசைவுக்கும் அது தாழும். தலமஸ் மட்டும் பேசாமல் கிடந்தது. மெதுவான அலை பொங்கவில்லை.

பத்துத் தடவை செய்யச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது முடிந்ததும் நிறுத்திவிட்டு, "சொறி டொக்டர், இது நான் செய்யேல்ல. வந்திட்டுது" என்றார். திரை அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. அந்த ஆறாவது வெட்டில் மட்டும் தலமஸில் அலை பொங்கியிருந்தது.

புளோரிடா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2016இல் இதையே வெளியிட்டிருந்தது: டிக் வரும்போது சென்ட்ரோமீடியன் பகுதியில் எழும் மெதுவான அலை, விரும்பிச் செய்யும் அசைவில் எழுவதில்லை. மெதுவான அலை வெடிப்புகள் நீளும் அளவுக்கு டிக்கும் கடுமையாகிறது என்று 2018இல் இன்னொரு ஆய்வு தலமஸிலும் பலிடஸிலும் காட்டியது. ஆகவே எங்கள் திரையில் தெரிந்தது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் நாற்காலியில் இருந்தவருக்கு அது வேறு. ‘உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும்’ என்று ஆயிரம் தடவை நினைத்திருப்பார், கடைசியில் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டார். பதிவு முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி தூண்டலைப் பற்றியது அல்ல. "அந்த ரெண்டு கோட்டையும் எனக்குப் பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா?"

தூண்டல் தொடங்கிய பின்

வினாடிக்கு 130 துடிப்பு என்ற வேகத்தில் தொடங்கினார்கள். நடுக்கத்துக்குத் தூண்டல் செய்யும்போது சில விநாடிகளில் கை நின்றுவிடும், வீடியோவில் பார்த்தால் மந்திரம் போல இருக்கும். டூரெட்டில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம். முதல் நாள் கழுத்து வழக்கம்போல வெட்டியது. மின்னோட்டத்தைக் கூட்டியபோது இடக்கையில் விறுவிறுப்பும் நாக்கில் தடிப்பும் வந்தன. "ள" சொல்ல வரவில்லை என்றார், குறைத்தார்கள்.

அப்புறம் மாதங்கள் போயின. முதலில் மாறியது வெட்டின் எண்ணிக்கை அல்ல, முட்டல். பத்துக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மூன்றாம் மாதம் ஆறு என்றார், பிறகு ஐந்து. வெட்டு எண்ணிக்கை அதே அளவில்தான் இருந்தது. ஆனால் முட்டல் தணிந்ததால் நாடியை இறக்கும் பழைய பயிற்சிக்கு இப்போது நேரம் கிடைத்தது. முன்பு ஈடுகொடுக்காத பயிற்சி இப்போது ஈடுகொடுத்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கருவி வைத்தால் பயிற்சியை விட்டுவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். இவர் விடவில்லை.

41 என்றிருந்த யேல் புள்ளி ஆறாம் மாதம் 30, ஒரு வருடத்தில் 24. அதிகம் குறைந்தது கழுத்து. கண் சிமிட்டல் அப்படியே இருக்கிறது. விரல் மரப்பு குறைந்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை.

மூளை அலையும் மாறியது. மெதுவான அலை வெடிப்புகள் அடியோடு மறையவில்லை. ஆனால் குட்டையாகின, இடைவெளி கூடியது. தூண்டல் மாதக்கணக்கில் தொடரும்போது தலமஸில் வேகமான காமா அலை கூடுவதும், அது கூடுவதற்கேற்ப நோய் தணிவதும் 2012இல் புளோரிடாவில் பதிவாகியிருந்தது. இவரிடம் அதைத் தேடினோம். கருவியின் சொந்த இரைச்சலுக்குள் அந்த வேகமான அலையைப் பிரித்தெடுக்க முடியவில்லை, இருந்தது என்றும் இல்லை என்றும் நான் எழுதமாட்டேன்.

தூண்டல் டிக்கை அழிப்பதில்லை என்றே இவரைப் பார்த்தபின் நினைக்கிறேன். ஒழுங்கற்றுப் பொங்கும் சுற்றின் மேல் ஓர் ஒழுங்கான துடிப்பை ஏற்றி, பொங்கல் நீண்டுகொண்டு போகாமல் தடுக்கிறது. அந்தப் பொங்கலோடு பழகிப்போன மேற்பட்டை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாதங்கள் ஆகின்றன. தாமதத்துக்கு வேறு விளக்கமும் இருக்கலாம். இது ஓர் ஆளின் கதை, அதுவும் கருவி வேலை செய்வது தெரிந்த ஆளின் கதை.

அதனால்தான் ஆறாம் மாதப் பரிசோதனையில், அவரது சம்மதத்தோடு, ஒரு நாள் கருவியை நிறுத்தினார்கள். எந்த நாள் என்று அவருக்கும் சொல்லவில்லை, வீடியோவில் டிக்கை எண்ணிய எனக்கும் சொல்லவில்லை. நிறுத்திய சில நிமிடங்களில் தலமஸ் அலை நீளத் தொடங்கியிருந்தது. வெட்டு எண்ணிக்கை மதியத்துக்குப் பிறகே ஏறியது. காலையில் கேட்டபோது, "இண்டைக்கு ஓனில்தான் இருக்கு" என்று உறுதியாகச் சொன்னார் தம்பி. நானும் அப்படியே எழுதி வைத்திருந்தேன். இரண்டு பேரும் பிழை.

ஆடிவேல்

இவரது தெருவிலிருந்துதான் முருகனின் ஆடிவேல் விழாத் தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். சின்ன வயதிலிருந்தே அந்தக் கூட்டத்துக்குள் போகப் பயந்தவர், அந்த வருடம் போனார். டிக் கூடினால் கையிலிருக்கும் சிறு கருவியில் பொத்தானை அழுத்தலாம், அந்த நேரத்து அலை பதிவாகும். அன்று பதினொரு தடவை அழுத்தியிருந்தார். எடுத்துப் பார்த்தபோது ஏழு பதிவுகளில் மெதுவான அலை உயர்ந்திருந்தது. மிச்சம் நான்கு, டிக்கே வராத நேரத்துப் பதிவு போல அமைதியாக இருந்தன.

அந்த நான்கையும் பற்றிக் கேட்டேன். "டிக் வரேல்ல, மிஸ். ஆக்கள் பார்க்கிறாங்கள் எண்டு பயமா இருந்தது. அமத்திட்டன்."

கருவியால் திருத்த வேண்டியது ஏழு. நான்கு என்னுடைய வேலை. அதற்காக மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பயத்துக்கான சிகிச்சையை அந்த மாதமே தொடங்கினோம், புறக்கோட்டைச் சந்தையில், சனிக்கிழமைக் காலைகளில்.

போன மாதம் தாயார் தனியாக வந்தார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். மூன்றாம் கிழமையில் எடுத்த அந்த இரண்டு கோடுகள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. எது எது என்று மறந்துவிட்டது, காட்டித் தாருங்கள் என்றார். காட்டினேன். என் பேனையை வாங்கி, பொங்கி எழுந்த கோட்டுக்குக் கீழே ‘வந்தது’ என்று எழுதினார். அமைதியான கோட்டுக்குக் கீழே ‘செய்தது’. பிறகு மை காயும்வரை தாளை மடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.